தராசு கற்பித்த பாடம்

செய்தி சேகரிப்பதற்காகப் பதுளைக்குச் சென்ற பயணங்களில் ஒன்றை நான் இன்னும் மறக்கவில்லை. பசறைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் கணித பாடம் நடந்துகொண்டிருந்தது. ஆசிரியர் கூரை மரத்தில் ஒரு தொங்கு தராசை மாட்டியிருந்தார். பிள்ளைகள் முதலில் வெறுங்கூடையை நிறுத்தார்கள். பின்னர் கொழுந்தோடு நிறுத்தார்கள். அதே கொழுந்தில் நீர் தெளித்து மீண்டும் நிறுத்தார்கள். மூன்று எண்களும் கரும்பலகையில் ஏறின.

பின்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்தாள். "கூடையும் ஈரமும் இவ்வளவுதானே சேர்? மடுவத்துல அம்மாவுக்கு ஏன் இதவிடக் கூடக் கழிக்கிறாங்க?"

வகுப்பு அமைதியாயிற்று. அந்தக் கேள்விக்குப் பின்னால் நீண்டதொரு வரலாறு இருக்கிறது.

தொழிலாளரின் பிள்ளைகளில் 6 முதல் 10 வயது வரையானோருக்குத் தாய்மொழிக் கல்வி அளிப்பது தோட்டத் துரைமாரின் கடமை என 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம் விதித்தது. நடைமுறையில் பல தோட்டங்களில் கிடைத்தவை ஓர் அறையும் ஓர் ஆசிரியருமே. படித்த பிள்ளை கொழுந்து பறிக்க வராது என்ற அச்சம் துரைமார் பலருக்கு இருந்தது. 1945இல் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியிலேயே நின்றன. அவை பெருமளவில் அரசின் பொறுப்புக்கு வந்தது 1970களின் பிற்பகுதியில்தான்.

செய்து கற்றல் என்பது புதிய கருத்தன்று. 1927 நவம்பரில் இலங்கை வந்து பதுளையிலும் உரையாற்றிய காந்தியடிகள், பத்தாண்டுகளின் பின் வார்தாவில், கைத்தொழிலை நடுவாகக் கொண்ட ஆதாரக் கல்வியை முன்வைத்தார். இலங்கையில் 1999இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தமும் விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை ஆகிய மூன்றையும் இணைத்தது.

ஆயினும் பாடசாலையில் கைவேலை என்றதும் லயத்துப் பெற்றோர் தயங்குவதில் நியாயம் உண்டு. தலைமுறைகளாகக் கை நோக உழைத்தவர்கள், தம் பிள்ளையின் கையில் புத்தகத்தைக் காணவே விரும்புவார்கள். மண்வெட்டி பிடிக்க அவர்களுக்குப் பாடசாலை தேவையில்லை.

அந்த ஆசிரியர் பிள்ளைகளின் கையில் கொடுத்தது தராசை. தன் தாயின் உழைப்பைத் தானே நிறுத்து அறியும் பிள்ளையை உருவாக்குமாயின், அதுவே செய்து கற்றலின் பயன் என்பேன்.

சிறுமியின் கேள்விக்கு அவர் அன்று விடை கூறவில்லை. சற்று நேரம் தராசையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "நாளைக்கு அம்மாவோட நிறைத் துண்டக் கொண்டு வா. கணக்குப் பாப்போம்."