குறிஞ்சி மலையா, பூவா?



ஐவகை நிலங்களைப் பற்றி வகுப்பில் கூறிக்கொண்டிருந்தபோது மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, குறிஞ்சி என்பது மலையா, பூவா?" என்று வினவினாள். இரண்டும்தான் என்று விடையிறுத்துவிட்டு முல்லைக்குச் சென்றுவிட்டேன். ஆயினும் அவ்விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. எங்கள் பண்டார் தெங்காராவைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தொலைவு செம்பனைதான். 1972-இல் கெஜோரா எனும் தென்கிழக்கு ஜொகூர் மேம்பாட்டு வாரியம் அமைந்தபின் காடு திருத்தி உருவான ஊர் இது. குறிஞ்சியை நானும் படத்தில்தான் கண்டிருக்கிறேன். அதன் வரலாற்றைத் தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

நீலக்குறிஞ்சி ஒரு சிறு புதர்ச்செடி. புல்வெளியில் பெரும்பாலும் முழங்கால் உயரமே வளரும். மேற்குத் தொடர்ச்சி மலையில், ஏறத்தாழ 1,300 முதல் 2,400 மீட்டர் உயரத்தில் வாழ்கிறது. பன்னிரண்டு ஆண்டுகள் இலையும் தண்டுமாக இருந்து, பின்னர் மலைச்சரிவு முழுதும் ஒருசேரப் பூத்து, விதை உதிர்த்து மடிந்துபோகும். 1838 முதல் இப்பூப்பிற்குக் கணக்கு உண்டு. 1850, 1862 எனத் தொடர்ந்து 1994, 2006, 2018 வரை அது பிசகவில்லை. (இடைப்பட்ட ஆண்டுகளிலும் "குறிஞ்சி பூத்தது" என்று படங்கள் வரும். அவற்றுள் பல, வேறு கால இடைவெளியில் பூக்கும் உறவினச் செடிகள். சில சரிவுகளில் நீலக்குறிஞ்சியே தனிக்கணக்கில் பூப்பதும் உண்டு.) முதுவர் முதலிய மலைவாழ் மக்கள் இப்பூப்பைக் கொண்டே தங்கள் அகவையைக் கணக்கிட்டனர் என்பர். கருநிறத் தண்டுடைய குறிஞ்சியின் பூவிலிருந்து தேன் திரளும் மலைநாட்டைக் குறுந்தொகையின் மூன்றாம் பாடல் பேசுகிறது. செடியைக் கண்டறிந்தவர் கூற்று அது.

இனி மாணவியின் வினாவிற்கு வருவோம். குறிஞ்சிக்கு வெயில் விழும் திறந்த புல்வெளி வேண்டும். அம்மலைகளில் மடிப்புகளில் சோலைக்காடும் சரிவுகளில் புல்வெளியும் இணைந்தே இருக்கும். மழைநீரை ஏந்தி ஓடைகளுக்கு மெல்ல விடுவன இவ்விரண்டுமே. 1819-இல் ஜான் சல்லிவன் நீலகிரிக்கு வந்தபின் ஆங்கிலேயர் அங்கே குடியேறினர். அவர்கள் கண்ணுக்குப் புல்வெளி வெற்றிடமாகவே பட்டது. ஏட்டிலும் அதனைத் தரிசு என்றே எழுதினர். விறகுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரமும் தைலமரமும் வந்தன. தேயிலையும் பரவியது. விடுதலைக்குப் பின்னும் அந்தப் பார்வை மாறவில்லை என்பதே என் வருத்தம். தோல் பதனிடவும் ரேயான் கூழுக்கும் எனப் புல்வெளிகளில் மேலும் மரங்கள் நடப்பட்டன. மரம் நடுவது நற்செயல் என்று நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். அங்கோ மரம் நட்டதே கேடாயிற்று. சீகை தானே விதை பரப்பும். வெட்டினாலும் மீண்டும் முளைத்தெழும். பழனி மலையில் மட்டும் நாற்பதாண்டுகளில் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதாக 2018-இல் வெளியான ஓர் ஆய்வு செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு காட்டியது.

கொடைக்கானலில் குறிஞ்சி ஆண்டவர் கோயில் உண்டு. அதனை 1936-இல் எழுப்பியவர் லீலாவதி இராமநாதன். ஆஸ்திரேலியாவில் பிறந்து, ஈழத்துச் சான்றோர் சர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்தவர் இவ்வம்மையார். அவர் பிறந்த நாட்டு மரங்களே அம்மலைப் புல்வெளிகளை மூடின என்பதை எண்ணும்போது வியப்பாக இருக்கிறது.

காப்பு முயற்சிகளும் நடந்துள்ளன. மூணாற்றை அடுத்த இரவிகுளம் 1978-இல் தேசியப் பூங்காவாயிற்று. வரையாட்டைக் காக்க எழுந்த வேலி குறிஞ்சியையும் காத்தது. 2006-ஆம் ஆண்டுப் பூப்பின்போது இந்திய அஞ்சல்துறை குறிஞ்சிக்குத் தபால்தலை வெளியிட்டது. அதே ஆண்டில் இடுக்கி மாவட்டத்தில் 32 சதுர கிலோமீட்டர் பரப்பில் குறிஞ்சிமலைச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டது. ஆனால், அதன் எல்லைக்குள் இருந்த பட்டா நிலங்கள் குறித்த வழக்காடல் பல்லாண்டுகள் நீண்டது. 2024-இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் நீலக்குறிஞ்சியை அழிவாய்ப்புள்ள இனமாகச் செம்பட்டியலில் சேர்த்தது.

மறுவாரம் அம்மாணவியை அழைத்து, "முதலில் மலை, அம்மா. அந்தப் புல் இருந்தால்தான் பூ" என்று திருத்திச் சொன்னேன். அடுத்த பெரும்பூப்பு 2030-இல் வரும். வாய்ப்புள்ள பெற்றோர்கள் அவ்வாண்டு ஆகஸ்டு முதல் அக்டோபருக்குள் பிள்ளைகளுடன் மூணாற்றுக்கோ கொடைக்கானலுக்கோ சென்று வரலாம். அங்குப் பூவைப் பறிக்கவேண்டா. அடுத்த பன்னிரண்டு ஆண்டுக்கான விதை அதில்தான் இருக்கிறது.