சேவைக்கு மதிப்பெண் தகுமா? வேல்ஸ் நாட்டின் இரு பள்ளியிறுதித் தகுதிகள் பற்றிய ஆராய்ச்சி

பள்ளிப் படிப்பை முடித்து வெளியேறும் மாணாக்கருக்கு வழங்கப்படும் சான்றிதழ், அவர் கற்ற பாடங்களை மட்டும் அளந்து கூறினால் போதுமா, அல்லது ஒரு காரியத்தைத் தாமே திட்டமிட்டு முடிக்கும் திறனையும், சூழ்ந்துள்ள சமூகத்துக்குப் பயன்படும் மனப்பான்மையையும் சேர்த்தே எடுத்துரைக்க வேண்டுமா என்னும் வினாவுக்கு, சென்ற அறுபது ஆண்டுகளில் வேல்ஸ் நாட்டில் இருவேறு விடைகள் உருப்பெற்றிருக்கின்றன. சமூக சேவையைக் கட்டாயமாக்கி, மதிப்பெண் மட்டும் அளிக்காமல் விடுவது ஒன்று. அதனையும் மதிப்பெண்ணுக்குரிய பகுதியாக்கிவிடுவது மற்றொன்று. முன்னதே கல்வித் தத்துவத்துக்கு இயைந்தது என்பதும், பின்னதிலும் கொள்ளத்தக்கது ஒன்று உண்டு என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

முதல் விடைக்கு மூலபுருஷர் கர்ட் ஹான். 1886-இல் பெர்லினில் பிறந்து, ஹிட்லரை எதிர்த்தமையால் 1933-இல் சிறைப்பட்டு, பிரிட்டனில் அடைக்கலம் புகுந்த அவர், நவீன நாகரிகம் இளைஞரிடம் விளைவிக்கும் க்ஷீணங்களுள் கருணையின் க்ஷீணமே யாவற்றினும் கொடியது என்னும் திடமான அபிப்பிராயம் உடையவர். பிறர் துன்பத்தைத் துடைக்கும் பொறுப்பை மெய்யாகவே இளைஞர் கையில் ஒப்படைப்பதே அதற்குப் பரிகாரம் என்று கருதியவர். அக்கருத்தை அடியொற்றி 1962-இல் வேல்ஸிலுள்ள செயின்ட் டொனாட்ஸ் கோட்டையில் தொடங்கிய அட்லாண்டிக் கல்லூரியின் மாணவர், பிரிஸ்டல் கடல்வாயில் அபாயத்துக்குள்ளானோரை மீட்கும் பணியை மேற்கொண்டனர். பிரிட்டனின் தேசிய உயிர்காப்புப் படகு ஸ்தாபனத்தின் நிலையமொன்று 1963 முதல் 2013 வரை அக்கல்லூரியிலேயே இயங்கிற்று. கரடுமுரடான கரையிலிருந்து தள்ளி இறக்குந்தோறும் ரப்பர் படகுகளின் அடிப்பாகம் தேய்ந்து கிழிவதைக் கண்ட மாணவரும், முதல் தலைமையாசிரியரான கடற்படை அதிகாரி டெஸ்மண்ட் ஹோரும், ஒட்டுப்பலகையாலான கெட்டி அடித்தளத்தைக் காற்றடைத்த விளிம்போடு இணைத்துப் பலவாறு சோதித்தனர். இன்று உலகெங்கும் மீட்புப் பணிக்கு வழங்கும் படகு வகை அவ்வாறு உருவாயிற்று. அதன் காப்புரிமையை ஹோர் 1 பவுன் விலைக்கு உயிர்காப்பு ஸ்தாபனத்துக்கே கொடுத்துவிட்டார். கல்வி, கைத்திறன், சேவை மூன்றும் ஒரே செயலில் கலந்து நின்றமைக்கு இதனினும் பிரத்தியக்ஷமான சான்று காண்பது அரிது. ஆயினும் அதற்கு எந்தப் பரீட்சையாளரும் மதிப்பெண் இடவில்லை.

1968-இல் ஜெனீவாவில் ஸ்தாபிக்கப்பட்டு, அலெக் பீட்டர்சன் முதல் தலைமை இயக்குநராக நடத்திய சர்வதேசப் பாக்கலோரியட் என்னும் பள்ளியிறுதித் தகுதித் திட்டத்தைத் தொடக்கத்திலேயே ஏற்ற பள்ளிகளுள் அட்லாண்டிக் கல்லூரியும் ஒன்று. அதில் ஆறு பாடங்களுக்கு, பாடத்துக்கு 7 ஆக, 42 புள்ளிகள்; 4,000 சொற்களுக்கு மேற்படாத ஆராய்ச்சிக் கட்டுரைக்கும் அறிவுக் கோட்பாடு என்னும் பாடத்துக்கும் சேர்த்து 3; ஆக மொத்தம் 45. படைப்பு, செயல், சேவை என்னும் மூன்றன் தொகுதிக்கோ ஒரு புள்ளியும் இல்லை. அதனை நிறைவேற்றாதவருக்குப் பட்டயமும் இல்லை.

இரண்டாம் விடை, 2003-இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கிய வெல்ஷ் பாக்கலோரியட். 2015-இல் திருத்தியமைக்கப்பட்ட அதன் திறன் சான்றிதழில், தனி ஆய்வுத் திட்டத்துக்கு நூற்றுக்கு 50, தொழில் முனைவுக்கு 20, உலகக் குடிமைக்கு 15, சமூகப் பணிக்கு 15 என்று பங்கு வகுக்கப்பட்டது. உயர்நிலை மாணவர் 30 மணி நேரம் சமூகப் பணியில் ஈடுபடவேண்டியிருந்தது. ஆனால் அப்பணியில் மதிப்பிடப்பட்டவை திட்டமிடும் ஆற்றலும், தன்னை நடத்திக்கொள்ளும் ஆற்றலுமே.

இங்கேதான் சிக்கல் எழுகிறது. தனித்து வாழும் முதியவர் ஒருவரிடம் வாரந்தோறும் சென்று, சொன்ன கதையையே அவர் திரும்பத் திரும்பச் சொல்லக் கேட்டு, முகஞ்சுளியாது அமர்ந்திருந்த மாணவி தன் குறிப்பேட்டில் எழுதுவதற்கு அதிகம் இராது. இரண்டொரு முறை சென்று வந்ததைச் சொல்வன்மையோடு வருணிக்க வல்லவன் உயர்ந்த தரம் பெறுதல் எளிது. அளக்கக்கூடியது அறிக்கை, அளக்கவேண்டும் என்று நாம் விழைந்ததோ உள்ளத்தின் ஈரம். முன்னதன் மதிப்பெண்ணைப் பின்னதன் மீது ஏற்றிக் கூறுவது நியாயமாகாது. ஆயினும் திட்டமிடுதலும் ஆராய்ந்து எழுதுதலும் உண்மையான திறன்களாதலின், அவற்றைத் திறன் என்ற பெயராலேயே மதிப்பிட்ட வெல்ஷ் முறையில் கொள்ளத்தக்க பகுதி அதுவே.

கட்டாயத்தின் பேரில் செய்வது சேவையாகுமா என்பர் சிலர். கணிதத்தையும் கட்டாயத்தின் பேரிலேயே கற்பிக்கிறோம். அதனால் கணிதத்தில் எவருக்கும் ஈடுபாடு பிறவாமற் போய்விடவில்லை. எந்தப் பணி, எவருக்கு என்பதை மாணவரே தேர்ந்துகொள்ள விடுவோமாயின், கட்டாயம் வாயிலைத் திறந்துவிடுவதோடு நிற்கும். மதிப்பெண் இல்லாதது அலக்ஷியம் செய்யப்படும் என்பது மற்றோர் ஆக்ஷேபம். நிறைவேற்றாதவருக்குப் பட்டயமே இல்லை என்ற நிபந்தனை அதற்குப் போதிய காப்பு. பணியைப் பற்றி மாணவர் எழுதும் நாட்குறிப்பு வெறும் சடங்காகிவிடும் அபாயம் இரு முறைகளுக்கும் பொது; அதனைத் தடுக்க, பணி செய்தவரின் எழுத்தை மட்டும் நம்பாது, பயன் பெற்றோரின் வாய்மொழியையும் ஆசிரியர் கேட்டறிதல் வேண்டும்.

2023 முதல் வேல்ஸில் வழங்கிவரும் புதிய தகுதி, உலகக் குடிமையையும் சமூகப் பணியையும் ஒரே திட்டமாக இணைத்துள்ளது. பகுதிகளைச் சேர்ப்பதாலும் பிரிப்பதாலும் மட்டும் இவ்வினா தீராது. பாடத்திட்டம் வகுப்போர் முதலிற் கேட்கவேண்டியது, இம்மாணவர் இன்று வாராவிடில் எவருக்கேனும் குறை நேருமா என்பதே. நேரும் என்ற விடை கிடைக்கும் பணியையே சேவையென ஏற்று, அதனைக் கட்டாயமாக்கி, திறனை அளந்து, சேவையை அளவாது விடுவதே நேர்மையான கல்விமுறையாகும்.