இன்டெல்லின் விலையும் ஏஎம்டியின் போட்டியும்

1981-இல் ஐபிஎம் தன் பிசிக்கு இன்டெல்லின் 8088 செயலியைத் தேர்ந்தெடுத்தது. ஒரே நிறுவனத்தை நம்பியிருக்க விரும்பாமல், இரண்டாவது தயாரிப்பாளரும் வேண்டும் என்றது. அதனால் 1982-இல் ஏஎம்டிக்கு உரிமம் கிடைத்தது. 1985-இல் வந்த 386 செயலிக்கோ இன்டெல் உரிமம் தர மறுத்தது. ஏஎம்டியின் சொந்த 386 கடைக்கு வர 1991 ஆனது. அதுவரை இன்டெல் வைத்ததே விலை.

சில்லுத் தொழிலில் செலவின் பெரும்பகுதி ஆலையிலும் வடிவமைப்பிலும் முடங்குகிறது. ஆலை ஓடத் தொடங்கிய பின், கூடுதலாக ஒரு செயலி செய்ய ஆகும் செலவு விலையில் சிறு பங்குதான். போட்டி வந்தால் விலையைப் பாதியாக்கவும் இடமுண்டு. ஆனால் அடுத்த ஆலைக்கான முதலும் பங்குதாரரின் ஈவுத்தொகையும் அந்த லாபத்திலிருந்தே வரவேண்டும்.

2003-இல் ஏஎம்டியின் ஆப்டிரான் செயலி சர்வர் சந்தைக்குள் நுழைந்தது. 2006-இல் விலைப்போர் மூண்டது. 2005-இல் 870 கோடி டாலராக இருந்த இன்டெல்லின் நிகர லாபம் மறு ஆண்டே சுமார் 500 கோடியாகச் சரிந்தது. 2007-இல் ஏஎம்டியின் நஷ்டம் 300 கோடியைத் தாண்டியது. இன்டெல் தந்த தள்ளுபடிகள் குறித்து ஏஎம்டி தொடுத்த வழக்கு, 2009-இல் 125 கோடி டாலர் தந்து தீர்க்கப்பட்டது.

பிறகு ஏஎம்டி பின்தங்கியது; 2015-இல் அதன் பங்கு 2 டாலருக்கும் கீழே போனது. இன்டெல்லின் எட்டுக் கரு (கோர்) செயலி ஆயிரம் டாலருக்கு மேல் விற்றது. 2017 மார்ச்சில் எட்டுக் கருக்கள் கொண்ட ஏஎம்டியின் ரைசன் 7 1800எக்ஸ் 499 டாலருக்கு வந்தது. அதே ஆண்டு இன்டெல் தன் 18 கரு செயலிக்கு வைத்த விலை 1,999 டாலர். 2019-இல் வந்த 18 கரு செயலிக்கு 979 டாலர்.

விலை இறங்கினாலும் முதலீட்டாளருக்கு அடி தாமதமாகவே விழுந்தது. கணினித் தேவை பெருகியதால் 2020-இல்கூட இன்டெல் 2,000 கோடி டாலருக்கு மேல் லாபம் காட்டியது. இதற்கிடையில் அதன் 10 நானோமீட்டர் தயாரிப்பு தள்ளிப்போனது; ஏஎம்டியோ தைவானின் டிஎஸ்எம்சி ஆலைகளில் 7 நானோமீட்டருக்குப் போய்விட்டது. 2022-இல் சந்தை மதிப்பில் இன்டெல்லை முந்தியது. 2023-இல் இன்டெல் ஈவுத்தொகையை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தது. 2024 ஆகஸ்ட் 1 அன்று அதையும் நிறுத்தப்போவதாக அறிவித்தது. மறுநாள் பங்கு விலை 26 சதவீதம் வீழ்ந்தது.