சாற்றிலா, செல்சுவரிலா? மாஸ் தாவரங்களின் மருத்துவ வரலாறு

மாஸ் தாவரங்களின் மருத்துவப் பயனை ஆராய்வோர் பெரும்பாலும் ஒரே கேள்வியோடு தொடங்குகிறார்கள்: இதன் சாற்றில் என்ன வேதிப்பொருள் இருக்கிறது? மூலிகைகளிடம் கேட்டுக் கேட்டுப் பழகிய கேள்வி அது. ஆனால் கடந்த நூற்று நாற்பது ஆண்டுச் சான்றுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், நவீன மருத்துவத்துக்குள் மாஸ் உறுதியாகக் கால்வைத்த இரண்டு தருணங்களிலும் அதை உள்ளே அழைத்துச் சென்றது அதன் உடலமைப்பே என்பது தெரியும். முதல் முறை ஸ்பேக்னம் என்ற சதுப்புநில மாஸின் இலையிலுள்ள வெற்றுச் செல்கள்; இரண்டாம் முறை பிஸ்கோமிட்ரெல்லா என்ற மாஸின் ஒற்றைக் குரோமோசோம் தொகுதி. எல்லையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சமையலில் சேரும் கல்பாசி ஒரு லைக்கன். வாசனைத் திரவியத் தொழிலின் ஓக்மாஸும் லைக்கன்தான். இராமநாதபுரக் கடலோரத்துக் கஞ்சிப்பாசி கடல்பாசி வகை. இவற்றின் பயன்களை மாஸின் கணக்கில் எழுதுவது இத்துறையில் அடிக்கடி நடக்கும் பிழை.

பழைய பயன்பாடுகளுக்குக் குறைவில்லை. 1991இல் ஆல்ப்ஸ் பனியிலிருந்து மீட்கப்பட்ட, 5,000 ஆண்டுகளுக்கும் முந்தைய ஓட்சி என்னும் மனிதனின் உடலோடு பல வகை மாஸ்கள் கிடைத்தன. ஸ்பேக்னமும் அவற்றில் ஒன்று. அவனது கையில் ஆழமான வெட்டுக்காயம் இருந்ததால், அதன்மேல் வைத்துக் கட்டப் பயன்பட்டிருக்கலாம் என்று தாவரவியலாளர் ஜேம்ஸ் டிக்சன் கருதினார். இது கவர்ச்சியான ஊகம்; ஊகம் என்ற அளவிலேயே ஏற்கத்தக்கது. ஐரோப்பாவின் 17ஆம் நூற்றாண்டு மருத்துவமோ வேறு வழியில் போனது. மண்டையோட்டின்மேல் வளர்ந்த பாசி இரத்தப்போக்கை நிறுத்தும் என்று ராபர்ட் பாயில் போன்ற அறிவியலாளர்கூட நம்பினார். முடிபோல் இழையோடும் பாலிட்ரைக்கம் கூந்தலை வளர்க்கும் என்றும், ஈரலின் வடிவில் படரும் ஈரல்தாவரம் ஈரலைக் குணப்படுத்தும் என்றும் கருதினார்கள். தோற்றத்தைப் பார்த்து மருந்தைத் தீர்மானித்த இந்த மரபிலிருந்து இன்றைய மருத்துவத்துக்கு நிலைத்த பங்களிப்பாக எதுவும் வந்து சேரவில்லை.

வந்து சேர்ந்தது காயக்கட்டு. 1880களில் கீல் நகர அறுவை மருத்துவர் குஸ்டாவ் நோய்பர் சதுப்புநிலக் கரியையும் மாஸையும் காயங்களுக்குப் பயன்படுத்தி எழுதினார். அந்த அறிவு பெரிய அளவில் தேவைப்பட்டது முதல் உலகப் போரின்போது. காயக்கட்டுக்கு வேண்டிய அதே பருத்திதான் வெடிமருந்துக்கும் மூலப்பொருளானது. 1914 நவம்பரில் எடின்பரோ அறுவை மருத்துவர் சார்லஸ் கேத்கார்ட்டும், அந்நகரத் தாவரவியல் பூங்காவின் தலைவர் ஐசக் பெய்லி பால்ஃபரும் ஸ்பேக்னத்தைப் பயன்படுத்தலாம் என்று 'ஸ்காட்ஸ்மன்' நாளிதழில் எழுதினார்கள். எல்லா இனமும் உதவாது, ஸ்பேக்னம் பாபில்லோசமும் ஸ்பேக்னம் பலுஸ்ட்ரேவுமே சிறந்தவை என்று இனம் பிரித்துக் காட்டியதுதான் இந்த முயற்சியின் உயிர்நாடி. ஸ்காட்லாந்து, அயர்லாந்து, டார்ட்மூர் சதுப்புகளில் தொண்டர்கள், பெரும்பாலும் பெண்களும் சிறுவர்களும், குளிர்நீரில் நின்று ஸ்பேக்னப் பாசியை அள்ளி, உலர்த்தி, குச்சியும் புல்லும் நீக்கி மஸ்லின் பைகளில் அடைத்தார்கள். 1918இல் பிரிட்டனிலிருந்து மாதம் ஏறக்குறைய 10 லட்சம் காயக்கட்டுகள் போயின. கனடாவிலும் அமெரிக்காவிலும் இதே வேலை நடந்தது.

இந்தக் கட்டு எப்படி வேலைசெய்தது? ஸ்பேக்னம் இலையில் பச்சையமுள்ள குறுகிய உயிர்ச்செல்களுக்கு இடையே, உள்ளீடு இழந்து இறந்த பெரிய செல்கள் இருக்கின்றன. அவற்றின் சுவரில் துளைகள்; சுவர் மடிந்துவிடாமல் தாங்கச் சுருள் இழைகள். உலர்ந்த பாசி தன் எடையைப்போல் 20 மடங்குவரை நீரை ஏந்தும். பருத்தி ஏந்துவது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. சீழும் குருதியும் ஓரிடத்தில் தேங்காமல் கட்டு முழுவதும் பரவியதால் அடிக்கடி கட்டை மாற்றிக் காயத்தைக் கிளற வேண்டியிருக்கவில்லை. இங்கே வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஸ்பேக்னத்தில் கிருமிகளைத் தடுக்கும் பொருள் இருக்கிறது, அது சாற்றின் குணம்தானே என்பது அது. டென்மார்க்கில் 1950இல் கிடைத்த டோலுண்ட் மனிதனின் முகம் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாகச் சதுப்பில் கெடாமல் இருந்ததை அதற்குச் சான்று காட்டுவார்கள். நார்வேயில் டெரன்ஸ் பெயின்டர் இதற்குக் காரணமாகச் சுட்டிய ஸ்பேக்னன், பெக்டினைப் போன்ற ஒரு செல்சுவர்ப் பொருள். 2009இல் நார்வே ஆய்வாளர்கள் அதைப் பிரித்தெடுத்துச் சோதித்தபோது, சூழலை அமிலமாக்குவதன் மூலமே அது நுண்ணுயிர்களின் வளர்ச்சியைத் தடுக்கிறது என்று முடிவுகட்டினார்கள். சுற்றியுள்ள கால்சியம், மக்னீசிய அயனிகளைப் பிடித்துக்கொண்டு ஹைட்ரஜன் அயனியை வெளிவிடும் செல்சுவரின் இயல்போடு இது பொருந்துகிறது. ஆக, மறுப்பே நம்மைச் செல்சுவரிடம் திருப்பிக் கொண்டுவருகிறது.

அவ்வளவு நல்ல கட்டு ஏன் கைவிடப்பட்டது என்று கேட்பது நியாயம். போர் முடிந்ததும் பருத்தி மலிந்தது. சம்பளமில்லாமல் பாசி பொறுக்கிய கைகள் வீடு திரும்பின. சதுப்புக்குச் சதுப்பு தரம் மாறும் பொருளைத் தொழிற்சாலைப் பஞ்சோடு போட்டியிட வைக்க முடியவில்லை. பாசி தன்னளவில் தூய்மையானதும் அன்று. 1988இல் அமெரிக்காவின் 15 மாநிலங்களில் 84 பேருக்கு ஸ்போரோட்ரைக்கோசிஸ் என்ற பூஞ்சைத் தோல்நோய் வந்தது. மரக்கன்றுகளைப் பொதியப் பயன்பட்ட ஸ்பேக்னத்தோடு அது தொடர்புபடுத்தப்பட்டது. இயற்கையான கிருமிநாசினி என்று சொல்லி உலர்ந்த பாசியை அப்படியே தோலில் பூசச் சொல்பவர்களுக்கு இந்த நிகழ்வு போதுமான எச்சரிக்கை.

இரண்டாம் மறுப்பு இன்னும் கனமானது. ஜப்பானின் யோஷினோரி அசகாவா, மாஸ்களையும் அவற்றின் உறவுத் தாவரங்களையும் உள்ளடக்கிய பிரையோஃபைட்டுகளிலிருந்து மிகப் பல வேதிப்பொருள்களைப் பிரித்துக் காட்டியிருக்கிறார். ராடுலா இனங்களில் கிடைக்கும் பெரோட்டெட்டினீன், கஞ்சாவின் டிஎச்சி பொருளை ஒத்தது. எலிகளின் மூளையில் அது செயல்படுவதை 2018இல் சுவிஸ் ஆய்வாளர்கள் காட்டினார்கள். இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்? ஆனால் ராடுலா மாஸ் அன்று, ஈரல்தாவரம். ஈரல்தாவரச் செல்களில் இத்தகைய பொருள்களைச் சேர்த்துவைக்கும் எண்ணெய்த் துகள்கள் இருக்கின்றன. மாஸ்களில் அவை இல்லை. பிரையோஃபைட் என்ற ஒரே தலைப்பில் இரண்டையும் கட்டிவைப்பதால், ஒன்றின் புகழ் மற்றதன்மேல் ஏறிவிடுகிறது. மாஸ் சாறுகள் ஆய்வுக்கூடத் தட்டில் பாக்டீரியாவைத் தடுத்ததாகச் சொல்லும் அறிக்கைகள் பல உண்டு. தட்டிலிருந்து நோயாளிவரை உள்ள தூரத்தை அவை கடக்கவில்லை.

அந்தத் தூரத்தைக் கடந்தது வேறொரு மாஸ். இங்கிலாந்தின் கிரான்ஸ்டன் காட்டில் 1962இல் எடுத்த ஒரே ஸ்போரிலிருந்து வளர்ந்த பிஸ்கோமிட்ரெல்லா இன்று உலக ஆய்வுக்கூடங்களில் இருக்கிறது. மாஸின் பசுந்தாவர உடல், குரோமோசோம்களின் ஒரே தொகுதியைக் கொண்டது. ஒரு மரபணுவை நீக்கினால் விளைவு உடனே தெரியும். வேண்டிய இடத்தில் துல்லியமாக மரபணுவை மாற்றவும் முடியும். ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் ரெஸ்கியின் குழு, புரதங்களின்மேல் தாவரங்களுக்கே உரிய சர்க்கரைகளை ஒட்டும் மரபணுக்களை இதிலிருந்து நீக்கியது. நீரும் கனிம உப்பும் ஒளியும் போதும், விலங்குச் சீரம் வேண்டாம். இப்படி வளர்ந்த மாஸில் உருவாக்கிய ஆல்ஃபா-கேலக்டோசிடேஸ் நொதி, அந்த நொதிக் குறைவால் வரும் ஃபாப்ரி நோய் உள்ள ஆறு பேருக்கு ஒரு தவணை செலுத்தப்பட்டு, முதற்கட்டச் சோதனையின் முடிவுகள் 2019இல் வெளியாயின. பாதுகாப்பைப் பார்க்கும் சிறிய சோதனைதான் அது. நோயைத் தீர்த்தது என்று சொல்ல முடியாது. ஆனாலும் மாஸ் இங்கே மருந்துச் சரக்காக வரவில்லை, மருந்து செய்யும் பட்டறையாக வந்திருக்கிறது.

அழகுப்பொருள் துறை இதே தாவரத்தைத் தலைகீழாகப் பயன்படுத்துகிறது. சுவிட்சர்லாந்தின் மிபெல் நிறுவனம் 2018 வாக்கில் பிஸ்கோமிட்ரெல்லாவை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, அதன் சாற்றைத் தோல்பூச்சு மூலப்பொருளாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சதுப்பைச் சுரண்டாமல் கலத்தில் வளர்ப்பது பாராட்டத்தக்கது. சாற்றின் பயனைப் பொறுத்தவரை, விற்பவர் சாராத ஆய்வாளர்கள் கட்டுப்பாட்டுக் குழுவோடு சோதித்து வெளியிடும்வரை அதை நிறுவப்பட்ட உண்மையாக ஏற்க இயலாது. மாறாக, ஈரத்தை ஏந்தும் ஸ்பேக்னம் செல்சுவரும் அமிலத்தன்மையைக் காக்கும் அதன் அயனிப் பரிமாற்றமும், அமிலப் போர்வை கொண்ட மனிதத் தோலுக்கு நேரடியாகப் பொருந்தக்கூடியவை. ஆய்வு அங்கே போக வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் பிரையோஃபைட்டுகளைச் சோதிக்கும் நம் ஆய்வு மாணவர்கள், சாறு எடுக்கும் முன் அது மாஸா ஈரல்தாவரமா என்று உறுதிசெய்து, இனப்பெயரைக் குறித்து, மாதிரி ஒன்றை உலர்தாவரக் காப்பகத்தில் வைத்துவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும்.