தாத்தாக்களின் பட்டாளம்

1940 மே 14, செவ்வாய்க்கிழமை இரவு. பிபிசியின் ஒன்பது மணிச் செய்தியைத் தொடர்ந்து ஆண்டனி ஈடன் வானொலியில் பேசினார். போர்த்துறை அமைச்சராகி ஒரு வாரம்கூட ஆகவில்லை. நான்கு நாட்களுக்கு முன்புதான் ஜெர்மன் பாராசூட் வீரர்கள் ஹாலந்தில் குதித்திருந்தார்கள். நாளைக்கே அவர்கள் இங்கிலாந்து வயல்வெளிகளில் இறங்கினால்? படையில் சேராத, 17 முதல் 65 வயது வரையிலான ஆண்கள் ஊரைக் காக்க வர வேண்டும் என்றார் ஈடன். சம்பளம் கிடையாது. சீருடையும் ஆயுதமும் உண்டு. பக்கத்துப் போலீஸ் நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும்.

அவர் பேசி முடிப்பதற்குள்ளேயே சில நிலையங்களுக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். எழுதிக்கொள்ளப் படிவம் இல்லை. கிடைத்த தாளில் பெயர்களைக் குறித்துக்கொண்டார்கள் போலீஸ்காரர்கள். முதல் வாரத்திலேயே இரண்டரை லட்சம் பேர். ஜூலை முடிவதற்குள் எண்ணிக்கை 15 லட்சத்தை நெருங்கியது. முதலில் வைத்த நீளமான பெயர் சர்ச்சிலுக்குப் பிடிக்கவில்லை. அந்த ஜூலையிலேயே அதை ‘ஹோம் கார்டு’ என்று மாற்றினார். நம் ஊர்க்காவல் படையின் ஆங்கிலப் பெயரும் அதுதான்.

இன்றைய பிரிட்டனில் இந்தப் படையை அறியாத குடும்பம் அபூர்வம். ஆனால், அறிந்தது பெரும்பாலும் தொலைக்காட்சி வழியாக. 1968 முதல் 1977 வரை பிபிசியில் 80 பகுதிகளாக ஓடிய ‘டாட்ஸ் ஆர்மி’ என்ற நகைச்சுவைத் தொடர் அது. வங்கி மேலாளர் கேப்டனாக வருவார். கறிக்கடைக்காரர் அவருக்குக் கீழே பணியாற்றுவார். கிழவர்கள் அணிவகுக்கத் தெரியாமல் ஒருவர் மேல் ஒருவர் மோதுவார்கள். எழுதிய இருவரில் ஒருவரான ஜிம்மி பெர்ரி, பதின்ம வயதில் ஹோம் கார்டில் இருந்தவர். கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினார். ஆனாலும் அந்தச் சிரிப்பு ஒரு வேலை செய்துவிட்டது. ‘எங்கள் தாத்தா போருக்குப் போகவில்லை, ஹோம் கார்டில்தான் இருந்தார்’ என்று ஒரு தலைமுறையே சற்றுக் கூச்சத்தோடு சொல்லப் பழகிவிட்டது.

போகவில்லை என்பதைவிட, போக விடவில்லை என்பதே பலருக்குப் பொருந்தும். நிலக்கரிச் சுரங்கம், ரயில்வே, கப்பல் கட்டும் தளம், விவசாயம் போன்ற தொழில்களில் இருந்தவர்களை ராணுவம் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அரசே பட்டியல் போட்டிருந்தது. அந்தப் பட்டியலுக்குள் சுமார் 50 லட்சம் ஆண்கள் வந்தார்கள். பகலெல்லாம் சுரங்கத்தில் வெட்டியவர், இரவில் துப்பாக்கியோடு பாலத்தில் காவல் நின்றார். அவரோடு, பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு ராணுவ அழைப்புக்காகக் காத்திருந்த 17 வயதுப் பையன்களும், முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளைப் பார்த்துவிட்டு வந்த ஐம்பது வயதுக்காரர்களும் நின்றார்கள்.

துப்பாக்கியோடு என்றது பிந்தைய நிலை. முதல் வாரங்களில் வேட்டைத் துப்பாக்கி, வைக்கோல் அள்ளும் கவை, துடைப்பக் கட்டை என்று கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கையில் கட்டிக்கொள்ள ஒரு ஆர்ம்பேண்ட் மட்டும் எல்லோருக்கும் கிடைத்தது. கோடையில் அமெரிக்காவிலிருந்து சுமார் ஐந்து லட்சம் துப்பாக்கிகள் கப்பலில் வந்தன. முதல் உலகப்போர்க் காலத்துச் சரக்கு. துரு ஏறாமலிருக்கக் கெட்டியான கிரீஸில் புதைத்து வைத்திருந்தார்கள். பெட்டியைத் திறந்தவர்கள் அதை வழித்தெடுப்பதிலேயே பல நாள் ஓட்டினார்கள். இன்னொரு சிக்கலும் இருந்தது. பிரிட்டிஷ் ராணுவத்தின் தோட்டா .303 அளவு, இந்தத் துப்பாக்கிக்கு வேண்டியது .30. மாற்றிப் போட்டால் சிக்கிக்கொள்ளும். அதனால், மரப்பகுதியைச் சுற்றிப் பட்டையாகச் சிவப்புப் பெயின்ட் அடித்தார்கள். அருங்காட்சியகத்தில் அப்படியொரு சிவப்புப் பட்டை கண்ணில் பட்டால், அது ஹோம் கார்டு கையில் இருந்த துப்பாக்கியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கேலிக்கு ஆளான ஆயுதமும் ஒன்று உண்டு. எவரும் வெறுங்கையோடு நிற்கக் கூடாது, ஈட்டியாவது கொடுங்கள் என்ற பொருளில் 1941 ஜூனில் சர்ச்சில் ஒரு குறிப்பு எழுதினார். போர்த்துறை அதை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றியது! இரும்புக் குழாயின் முனையில் பழைய பயனெட்டைப் பற்றவைத்து இரண்டரை லட்சம் ஈட்டிகளுக்கு ஆர்டர் போனது. ஹிட்லரின் டாங்கிப் படையை எதிர்க்க ஈட்டியா என்று நாடாளுமன்றத்திலேயே கேலி எழுந்தது. பல படைப்பிரிவுகள் அவற்றைக் கிடங்கைவிட்டு வெளியே எடுக்கவே இல்லை. டாங்கிமேல் ஒட்டிக்கொண்டு வெடிக்கும் கண்ணாடிக் குண்டும் வந்தது. அது சில சமயம் வீசுபவரின் கால்சட்டையிலேயே ஒட்டிக்கொள்ளும்.

இதுவரை சிரிக்கலாம். ஆனால், பயிற்சி இல்லாதவர் கையில் நிஜத் தோட்டா இருந்தால் என்ன ஆகும் என்பதும் சீக்கிரமே தெரிந்தது. 1940 ஜூன் தொடக்கத்தில் ஒரே இரவில், வெவ்வேறு சாலைத் தடுப்புகளில் நான்கு வாகன ஓட்டிகள் ஹோம் கார்டு ஆட்களின் துப்பாக்கிக்குப் பலியானார்கள். ஊர்ப் பெயர்ப் பலகைகளைப் பிடுங்கியாகிவிட்டது, தெருவிளக்கு இல்லை, கார் விளக்குகளுக்கும் மூடி. இருட்டில் ‘நில்’ என்ற குரல் இன்ஜின் சத்தத்தில் கேட்காமல் போவது சகஜம்.

பயிற்சி தர முன்வந்தவர் ராணுவத் தளபதி அல்ல, ஒரு பத்திரிகையாளர். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பிரிட்டிஷ் தொண்டர்களை வழிநடத்திய டாம் வின்ட்ரிங்ஹாம். 1940 ஜூலையில் லண்டனை ஒட்டிய ஆஸ்டர்லி பார்க்கில் அவர் ஒரு தனியார் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். ‘பிக்சர் போஸ்ட்’ இதழின் உரிமையாளர் எட்வர்ட் ஹல்டன் செலவை ஏற்றார். பதுங்கித் தாக்குவது, வீட்டுச் சாமான்களை வைத்து வெடிகுண்டு செய்வது, டாங்கியை நெருங்குவது என்று கெரில்லாப் பாடம் நடந்தது. இடதுசாரிகள் நடத்தும் பள்ளி என்று மேலிடம் முகம் சுளித்தது. சில மாதங்களில் பொறுப்பைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. பாடத்தைத் தூக்கி எறியவில்லை.

ஸ்பெயினில் கழுத்தில் குண்டு பாய்ந்து பிழைத்த இன்னொருவரும் ஹோம் கார்டில் சார்ஜென்டாக இருந்தார். நுரையீரல் கோளாறால் ராணுவம் அவரை ஏற்கவில்லை. லண்டன் செயின்ட் ஜான்ஸ் வுட் பகுதியில் 1940 முதல் 1943 வரை, தெருச் சண்டை எப்படிப் போடுவது என்று அக்கம்பக்கத்தாருக்குக் கற்றுக்கொடுத்தார். அவருக்குக் கீழே கார்ப்பரலாக இருந்தவர் அவருடைய பதிப்பாளர் ஃபிரெடரிக் வார்பர்க். பிகாரின் மோதிஹாரியில் பிறந்த அந்த சார்ஜென்டின் பெயர் எரிக் பிளேர். உலகுக்கு ஜார்ஜ் ஆர்வெல்.

ஜெர்மன் படை வரவில்லை. குண்டுகள் வந்தன. 1940 அக்டோபர் 15 இரவு பர்மிங்ஹாம் குண்டுவீச்சில் ஒரு வீட்டின் நிலவறைக்குள் ஆட்கள் சிக்கிக்கொண்டார்கள். உள்ளே விஷவாயு. போலீஸ் உதவி கேட்க, ஹோம் கார்டைச் சேர்ந்த ஜார்ஜ் இன்வுட் இடுப்பில் கயிறு கட்டி இறங்கினார். மயங்கிக் கிடந்த இருவரை மேலே கொண்டுவந்தார். மறுபடி இறங்கியவர் அங்கேயே சரிந்தார். காப்பாற்ற முடியவில்லை. 1942 செப்டம்பரில் சாலிஸ்பரி அருகே கையெறி குண்டுப் பயிற்சி. ஒருவர் வீசிய குண்டு தடுப்பில் பட்டு, நின்றிருந்தவர்கள் நடுவிலேயே திரும்பி விழுந்தது. லெப்டினன்ட் வில்லியம் ஃபாஸ்டர் அதன்மேல் பாய்ந்து படுத்தார். மற்றவர்கள் பிழைத்தார்கள். அப்போது அவருக்கு வயது 61. முந்தைய போர்களில் பதக்கம் வென்றவர். இருவருக்கும் மறைவுக்குப் பின் ஜார்ஜ் கிராஸ் வழங்கப்பட்டது.

1942 தொடக்கத்தில் விதிகள் மாறின. இனி விருப்பம் போல விலக முடியாது. ஆள் குறைந்த பகுதிகளில் கட்டாயமாகச் சேர்க்கவும் செய்தார்கள். மாதம் 48 மணி நேரம் வரை பணி. வராவிட்டால் அபராதம் அல்லது சிறை. விமான எதிர்ப்பு பீரங்கிகளையும் ராக்கெட் ஏவுதளங்களையும் இயக்கும் வேலை அவர்களிடம் வந்தது. அதில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து, விடிய விடிய வானத்தைப் பார்த்துக் காத்திருந்தார்கள். உச்சத்தில் படையின் பலம் 17 லட்சத்தைத் தாண்டியது.

பெண்களுக்குக் கதவு லேசில் திறக்கவில்லை. நாடாளுமன்ற உறுப்பினர் எடித் சம்மர்ஸ்கில் விடாமல் போராடிய பிறகு, 1943 ஏப்ரலில் துணைப் பணியாளர்களாகச் சேர்த்தார்கள். சீருடை இல்லை, துப்பாக்கி இல்லை. கொடுத்தது ‘எச்ஜி’ என்று பொறித்த ஒரு பிளாஸ்டிக் ப்ரூச். சுமார் 32,000 பெண்கள் அதைக் குத்திக்கொண்டு தொலைபேசி இணைப்பகத்திலும் சமையற்கூடத்திலும் அலுவலகத்திலும் வேலை பார்த்தார்கள். பாட்டியின் நகைப்பெட்டியில் கிடக்கும் அந்த ப்ரூச் என்னவென்று தெரியாமலே தூக்கிப் போட்ட பேரப்பிள்ளைகள் எத்தனை பேரோ!

ஹோம் கார்டு சீருடைக்குள் ஒளிந்திருந்த ஒரு ரகசியப் படையும் இருந்தது. காலின் கப்பின்ஸ் உருவாக்கிய ‘ஆக்ஸிலரி யூனிட்ஸ்’. ஜெர்மானியர்கள் ஊரைப் பிடித்துவிட்டால், காட்டுக்குள் தோண்டிய சுரங்க அறைகளில் பதுங்கியிருந்து பின்பக்கமாகத் தாக்க வேண்டும். விவசாயிகளும் வேட்டைக் காவலர்களுமாகச் சில ஆயிரம் பேர் ரகசியக் காப்பு உறுதிமொழியில் கையெழுத்திட்டார்கள். மனைவிக்கும் தெரியாது. கலைக்கப்பட்டபோது, கேடய வடிவத்தில் சிவப்பும் நீலமுமாக ஒரு சின்ன பேட்ஜ் கிடைத்தது. அதில் 201, 202, 203 என்ற எண்கள் தவிர வேறு விவரம் இல்லை. சொல்லாமலே செத்துப்போனவர்கள் ஏராளம்.

1944 டிசம்பர் 3 அன்று லண்டன் ஹைட் பார்க்கில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் முன்னிலையில் கடைசி அணிவகுப்பு நடந்தது. மன்னரின் பெயரில் அச்சிட்ட சான்றிதழ் வழங்கப்பட்டது. மூன்றாண்டு பணி செய்தவர்களுக்கு ‘டிஃபென்ஸ் மெடல்’ உண்டு. ஆனால், ஹோம் கார்டு ஆட்கள் அதை விண்ணப்பித்துத்தான் வாங்க வேண்டும். ஊதியமில்லாமல் வேலை பார்த்தவர்களில் பலர் அதற்கும் மனுப் போடவில்லை. எனவே, வீட்டில் பதக்கம் இல்லை என்பதை வைத்துத் தாத்தா ஒன்றும் செய்யவில்லை என்று முடிவு கட்டுவது தவறு.

பணி ஆவணங்கள் பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. டர்ஹாம் பகுதிக் கோப்புகள்தான் முதலில் இணையத்துக்கு வந்தன. பெயர், பிறந்த தேதி, சேர்ந்த நாள், படைப்பிரிவு ஆகியவற்றோடு, நேரில் வந்து போட்ட கையெழுத்தும் அந்தப் படிவங்களில் இருக்கும். எதிரி ஒரு நாளும் கரையேறாத அந்த நாட்டில், ஹோம் கார்டு பணியின்போது உயிர்விட்டவர்கள் 1,200-க்கும் மேல்.

(தொடரும்)