ஐஸ் போடாத ஐஸ் கோப்பி

அண்மையில் திருகோணமலைக்குப் போயிருந்தபோது, துறைமுகத்துக்குக் கிட்டவுள்ள புதிய கடையொன்றில் ஐஸ் கோப்பி கேட்டேன். உயரமான குவளையில் ஐஸ்கட்டிகள் நிறைந்து வந்தது. பாதி குடிப்பதற்குள் அது கோப்பி நிறமுள்ள தண்ணீராகிவிட்டது.

1970களின் பிற்பகுதியில், சிறுவனாக நான் இங்கே குடித்த ஐஸ் கோப்பியில் ஐஸ்கட்டியே இருந்ததில்லை. அக்காலத்தில் எங்களுக்கு ஐஸ் என்றால் மீனுக்குரிய பொருள். மரத்தூள் தூவிச் சாக்குப் போர்த்திய பெரிய கட்டிகள் மீன்வாடிகளுக்குப் போகும். அதில் ஒரு துண்டு தேநீர்க்கடைக்கும் வரும். கடைக்காரர் அதை உடைத்துக் கோப்பிப் பாத்திரத்தைச் சுற்றி அடுக்குவார். "மீன் ஐஸ் உள்ளுக்குப் போகக்கூடாது, தம்பி" என்பார். சுத்தம் கருதிச் செய்த அந்தக் காரியமே சுவையையும் காத்தது.

கணக்கு எளிது. ஒரு கிராம் ஐஸ் உருகுவதற்கு ஏறத்தாழ 80 கலோரி வெப்பம் வேண்டும். 80 பாகை செல்சியஸ் சூட்டிலுள்ள 200 கிராம் கோப்பியை 5 பாகைக்குக் கொண்டுவர, சுமார் 175 கிராம் ஐஸ் உருகவேண்டும். ஒரு குவளைக் கோப்பிக்குக் கிட்டத்தட்ட இன்னொரு குவளைத் தண்ணீர்! போதாக்குறைக்கு, குளிரில் நாக்குக்கு இனிப்பும் குறைவாகவே தெரியும். அதனால்தான் கோப்பியைக் கடுமையாக வடித்து, பாலும் சீனியும் தாராளமாகச் சேர்த்து, வெளியிலிருந்தே குளிரவைத்தார்கள்.

ஐஸும் கோப்பியும் இலங்கையில் சந்தித்ததே ஒரு விநோதம். 1833இல் அமெரிக்காவின் பொஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குக் கப்பலில் ஐஸ் வந்தது. அதே வணிகத்துக்காகச் சென்னையில் 1842இல் எழுந்த 'ஐஸ் ஹவுஸ்' இன்று விவேகானந்தர் இல்லம். 1866இல் கொழும்பு ஐஸ் கம்பனி தொடங்கியது. அப்போது மலைநாடெங்கும் கோப்பித் தோட்டங்கள். தமிழகத்திலிருந்து கடல் கடந்து, மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து சென்ற தொழிலாளர் உருவாக்கியவை அவை. வழியிலேயே மாண்டவர் பலர். 1869இல் கோப்பி இலைத்துரு நோய் தோன்றியது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் தேயிலை அந்த மலைகளைப் பிடித்துக்கொண்டது. கொழும்பு ஐஸும் நோயற்ற கோப்பியும் ஒன்றாக இருந்தது மூன்றே ஆண்டுகள்.

அத்தனை உயிர்களை விலையாகக் கொண்ட கோப்பியில் தண்ணீர் கலக்க எனக்கு மனம் வருவதில்லை. மறுநாள் அதே கடையில், "ஐஸ் போடாமல் ஒரு ஐஸ் கோப்பி" என்றேன்.

பரிமாறிய பையன் சற்று யோசித்தான். "அப்ப அது ஐஸ் கோப்பி இல்லையே, ஐயா?" என்றான்.