மார்ச் முதல் ஜூன் வரை: அரசுப் பள்ளிகளில் அடுத்தடுத்து என்ன? 6-ம் வகுப்பு சேர்க்கை ஏன் ரொம்ப முக்கியம்?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்தைத் தாண்டி புதுச்சேரி போகும் வழியில் இருக்கிறது கடப்பாக்கம். ஆலம்பரைக் கோட்டையைப் பார்க்க வருபவர்களுக்கு இது ஒரு சுற்றுலா ஸ்பாட். ஆனால் இங்கே குடியிருக்கும் குடும்பங்களுக்கு, மார்ச் பிறந்துவிட்டால் வீட்டில் பேச்சே வேறு. மூத்த பிள்ளைக்குப் பொதுத்தேர்வு. நடுப்பிள்ளைக்கு முழு ஆண்டுத் தேர்வு. கடைக்குட்டியை ஒண்ணாம் வகுப்பில் சேர்க்கணும். 5-ம் வகுப்பு முடிக்கும் பிள்ளை இருந்தால், "அடுத்து எந்த ஸ்கூல்?" என்ற கேள்வியும் சேர்ந்துகொள்ளும்.

இதில் பலரும் சாதாரணமாக எடுத்துக்கொள்வது அந்தக் கடைசிக் கேள்வியைத்தான். ஆனால் 6-ம் வகுப்பில் எந்தப் பள்ளியில் சேர்க்கிறோம் என்பது, ஏழு வருடம் கழித்து அந்தப் பிள்ளைக்குக் கல்லூரியில் கிடைக்கப்போகும் சலுகைகளையே முடிவு செய்கிறது. எப்படி? மார்ச் முதல் ஜூன் வரை என்னென்ன நடக்கும், எங்கே கவனமாக இருக்கணும்? விரிவாகப் பார்க்கலாம்.

மார்ச், ஏப்ரல்: தேர்வுக் காலம்

2026-ம் ஆண்டுக்கு அறிவிக்கப்பட்ட அட்டவணை இதுதான்.

* பிளஸ் 2 பொதுத்தேர்வு: மார்ச் 2 முதல் மார்ச் 26 வரை
* 10-ம் வகுப்பு பொதுத்தேர்வு: மார்ச் 11 முதல் ஏப்ரல் 6 வரை
* பிளஸ் 2 ரிசல்ட்: மே 8
* 10-ம் வகுப்பு ரிசல்ட்: மே 20

பிளஸ் 1 எங்கே என்று தேட வேண்டாம். 2017-18 கல்வியாண்டில் கொண்டுவரப்பட்ட பிளஸ் 1 பொதுத்தேர்வு, 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து கைவிடப்பட்டது. பிளஸ் 1 மாணவர்களுக்கு இனி பள்ளி அளவிலான தேர்வுதான்.

மற்ற வகுப்புகளுக்கு ஏப்ரலில் முழு ஆண்டுத் தேர்வு. வெயில் அதிகமானால் தேதி மாறலாம். 2025-ல் அப்படித்தான் நடந்தது. 1 முதல் 5-ம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குத் தேர்வை முன்கூட்டியே தொடங்கி, ஏப்ரல் 17-ம் தேதியோடு முடித்துவிட்டார்கள். அதனால் வெளியூர் பயணத்துக்கு டிக்கெட் போடும் முன் பள்ளியில் ஒருமுறை தேதியைக் கேட்டுக்கொள்வது நல்லது.

தமிழ்நாட்டில் 8-ம் வகுப்பு வரை 'ஆல் பாஸ்' முறை தொடர்கிறது. 5, 8-ம் வகுப்பு மாணவர்களை ஃபெயில் ஆக்கலாம் என்று ஒன்றிய அரசு 2024 டிசம்பரில் கொண்டுவந்த விதி, மத்திய அரசு நடத்தும் பள்ளிகளுக்குத்தான். நம்ம ஊர் அரசுப் பள்ளிகளுக்கு அது கிடையாது.

"பரீட்சைக்குப் போகலை, இனிமே என்ன பண்றது?"

பொதுத்தேர்வில் ஃபெயில் ஆவதைவிட ஆபத்தானது, தேர்வுக்கே போகாமல் இருப்பது. 2023 மார்ச்சில் பிளஸ் 2 தமிழ்த் தேர்வுக்கு 50,000-க்கும் அதிகமான மாணவர்கள் வரவில்லை என்ற தகவல் மாநிலம் முழுக்கப் பேசப்பட்டது. வருகைப் பதிவில் பெயர் இருக்கும், பிள்ளை வேலைக்குப் போயிருக்கும். இப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் நின்றுபோகும் படிப்பு எவ்வளவு என்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது.

ஒரு தேர்வைத் தவறவிட்டால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தம் இல்லை. ஃபெயில் ஆனவர்களும் தேர்வுக்கு வராதவர்களும் துணைத்தேர்வு எழுதலாம். 2025-ல் பிளஸ் 2 துணைத்தேர்வு ஜூன் 25-ம் தேதியும், 10-ம் வகுப்பு துணைத்தேர்வு ஜூலை 4-ம் தேதியும் தொடங்கின. அதில் பாஸ் செய்தால் அதே ஆண்டிலேயே பிளஸ் 1 அல்லது கல்லூரியில் சேர வாய்ப்பு உண்டு. விண்ணப்பிக்க ரிசல்ட் வந்த பிறகு சில நாட்கள்தான் அவகாசம் தருவார்கள். வருத்தத்தில் ஒரு வாரத்தை விட்டுவிட்டால் ஒரு வருடமே போய்விடும்.

சேர்க்கை எப்போது தொடங்கும்?

முன்பெல்லாம் ஜூனில்தான் அட்மிஷன். இப்போது அப்படி இல்லை. 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அரசுப் பள்ளிகளில் மார்ச் 1-ம் தேதியே சேர்க்கை தொடங்கிவிட்டது. ஆசிரியர்கள் தெருத்தெருவாக வந்து நோட்டீஸ் கொடுப்பதும், பிள்ளைகள் பதாகை பிடித்துப் பேரணி போவதும் இந்த நேரத்தில்தான்.

ஜூலை 31-ம் தேதிக்குள் 5 வயது முடியும் பிள்ளையை 1-ம் வகுப்பில் சேர்க்கலாம். பிறப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ் எல்லாம் கையில் இருந்தால் வேலை சுலபம். ஆனால், வயதுச் சான்று இல்லை என்பதற்காக ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 14-வது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது.

தனியார் பள்ளிகளில் இதே சட்டத்தின்கீழ் 25 சதவீத இலவச இடங்கள் உண்டு. எல்.கே.ஜி. அல்லது 1-ம் வகுப்பு என்ற தொடக்க வகுப்பில் மட்டும்தான் இதில் சேர முடியும். 6-ம் வகுப்பில் போய் இந்த இடத்தைக் கேட்க முடியாது. வழக்கமாக ஏப்ரல், மே மாதங்களில் விண்ணப்பம் வாங்குவார்கள். ஆனால் 2025-ல் ஒன்றிய அரசு நிதி தராத பிரச்னையால் தள்ளிப்போய், அக்டோபரில்தான் தொடங்கியது. இதையே நம்பிக் காத்திருக்காமல், பக்கத்தில் உள்ள அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்துவிடுவது பாதுகாப்பு.

6-ம் வகுப்பு ஏன் இவ்வளவு முக்கியம்?

இதுதான் இந்தக் கட்டுரையில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான மூன்று பெரிய சலுகைகளும் ஒரே நிபந்தனையோடு வருகின்றன: 6-ம் வகுப்பு முதல் பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும்.

* 7.5 சதவீத உள் ஒதுக்கீடு: மருத்துவப் படிப்புகளுக்கு 2020-ல் வந்தது. பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளுக்கு 2021-ல் விரிவாக்கப்பட்டது. இதில் சேரும் மாணவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது.

* புதுமைப்பெண் திட்டம்: 2022 செப்டம்பர் 5-ம் தேதி தொடங்கியது. கல்லூரியில் சேரும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய்.

* தமிழ்ப்புதல்வன் திட்டம்: 2024 ஆகஸ்ட் 9-ம் தேதி கோவையில் தொடங்கப்பட்டது. மாணவர்களுக்கும் அதே மாதம் 1,000 ரூபாய்.

ஒரு உதாரணம் பார்ப்போம். 5-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த ஒரு பிள்ளையை, 6-ம் வகுப்பில் கட்டணம் கட்டித் தனியார் பள்ளியில் சேர்க்கிறார்கள். இரண்டு வருடம் கழித்து ஃபீஸ் கட்ட முடியவில்லை. 8-ம் வகுப்பில் மறுபடியும் அரசுப் பள்ளிக்குக் கூட்டி வருகிறார்கள். பள்ளி சேர்த்துக்கொள்ளும், படிப்பும் தொடரும். ஆனால் 6, 7 என்ற அந்த இரண்டு வருடத்தால் 7.5 சதவீத ஒதுக்கீடும் போச்சு, மாதம் 1,000 ரூபாயும் போச்சு. பெரும்பாலான குடும்பங்களுக்கு இது தெரியவருவது பிளஸ் 2 முடித்து, கவுன்சலிங்குக்கு விண்ணப்பம் போடும்போதுதான். அப்போது திருத்த முடியாது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் 8-ம் வகுப்பு வரை படித்துவிட்டு, 9 முதல் பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும் இந்தச் சலுகைகள் கிடைக்கும்.

அரசு உதவிபெறும் பள்ளி விஷயத்திலும் குழப்பம் இருக்கிறது. உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் திட்டங்கள் உண்டு. ஆனால் 7.5 சதவீத ஒதுக்கீடு கிடையாது. நகராட்சி, மாநகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் அரசுப் பள்ளிக் கணக்கில் வரும். "கவர்ன்மென்ட் ஸ்கூல்தான்" என்று பொதுவாகச் சொல்வதை நம்பாமல், பள்ளி எந்த வகை என்று கேட்டுக்கொள்வது அவசியம்.

5-ல் இருந்து 6-க்குப் போகும்போது இன்னொன்றும் மாறுகிறது. காலை உணவுத் திட்டம் 1 முதல் 5-ம் வகுப்பு வரைதான். மதிய சத்துணவு 10-ம் வகுப்பு வரை தொடரும். காலையில் வெறும் வயிற்றோடு பஸ் ஏறும் பிள்ளை முதல் வாரத்திலேயே சோர்ந்துபோகும் என்பதை வீட்டில் கவனிக்கணும். பஸ் பாஸ் இலவசம்தான். புது பாஸ் கைக்கு வர நாளானாலும் சீருடையிலோ பழைய பாஸை வைத்தோ பயணம் செய்யலாம் என்று ஒவ்வொரு ஆண்டும் பள்ளி திறக்கும்போது அரசு அறிவிப்பது வழக்கம்.

டி.சி. தர மாட்டேன் என்றால்?

பள்ளி மாறும் நேரத்தில் அதிகம் வரும் பிரச்னை இதுதான். சட்டம் சொல்வது இங்கே:

* ஒரு பள்ளியிலிருந்து வேறு அரசு அல்லது உதவிபெறும் பள்ளிக்கு மாறக் கேட்டால், தலைமை ஆசிரியர் உடனே டி.சி. தர வேண்டும். தாமதித்தால் ஒழுங்கு நடவடிக்கைக்கு இடம் உண்டு.
* டி.சி. வரவில்லை என்பதற்காகப் புதுப் பள்ளி சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. இது 8-ம் வகுப்பு வரை பொருந்தும்.
* கட்டண பாக்கி இருக்கிறது என்று டி.சி.யில் எழுதக் கூடாது, சேர்க்கைக்கு டி.சி.யைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று பள்ளிகளுக்கு அறிவுறுத்தும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் உத்தரவிட்டது.

படிப்பை நடுவில் விட்ட பிள்ளைக்கும் வழி இருக்கிறது. 6 முதல் 14 வயது வரையிலான எந்தப் பிள்ளையும் வயதுக்கேற்ற வகுப்பில் நேரடியாகச் சேரலாம். கல்வியாண்டின் நடுவில் வந்தாலும் சேர்க்க வேண்டும். வேலை தேடி ஊர் ஊராகப் போகும் குடும்பங்களுக்கு இது பெரிய பாதுகாப்பு.

மீன்பிடித் தடைக்காலமும் பள்ளிச் சேர்க்கையும்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப் படகுகளுக்கு விலக்கு உண்டு. ஆனால் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர்களின் வீட்டில் அந்த இரண்டு மாதமும் கை முடக்கம்தான். பள்ளிச் செலவுகள் வந்து நிற்பதும் அதே இரண்டு மாதம்தான்.

இந்த நேரத்தில் லீவுக்கு வேலைக்குப் போகும் பிள்ளை, கையில் காசு பார்த்த பிறகு ஜூனில் திரும்பி வராமல் போகும் ஆபத்து இருக்கிறது. 10-ம் வகுப்பு முடித்த பையன்கள் விஷயத்தில் வீட்டார் கூடுதல் கவனமாக இருக்கணும். 14 வயதுக்குக் கீழ் உள்ளவர்களை வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். 18 வயது வரை ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்தவும் தடை இருக்கிறது.

8-ம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். தேர்வு எழுதித் தேர்வாகும் பிள்ளைகளுக்கு, 9 முதல் பிளஸ் 2 வரை மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். குடும்ப ஆண்டு வருமானம் 3.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அடுத்து 8-ம் வகுப்பு போகும் பிள்ளைகள் இப்போதே தயாராகலாம்.

மே மாதம்: பிளஸ் 2 முடித்தவர்கள் கவனத்துக்கு

ரிசல்ட் வருவதற்குள்ளேயே விண்ணப்பம் தொடங்கிவிடும். 2025-ல் பொறியியல் கவுன்சலிங்குக்கும் அரசு கலை, அறிவியல் கல்லூரிகளுக்கும் மே 7-ம் தேதியே ஆன்லைன் பதிவு தொடங்கியது. கலைக் கல்லூரிகளுக்கு மே 27 வரையும், பொறியியலுக்கு ஜூன் 6 வரையும்தான் அவகாசம் இருந்தது.

சாதி, வருமானச் சான்றிதழ்களை இ-சேவை மையம் வழியாக ஏப்ரலிலேயே வாங்கி வைத்துவிட்டால் கடைசி நேர ஓட்டம் இருக்காது. கடப்பாக்கம் செய்யூர் வட்டத்தில் வருவதால் விண்ணப்பங்கள் அந்த வட்டாட்சியர் அலுவலகத்துக்குத்தான் போகும்.

யாரிடம் கேட்பது?

* பள்ளி மேலாண்மைக் குழு: உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். கழிப்பறை, குடிநீர், இடைநிற்றல் என எதையும் இங்கே எழுப்பலாம்.
* தலைமை ஆசிரியரிடம் தீர்வு இல்லையென்றால், தொடக்கப் பள்ளிகளுக்கு வட்டாரக் கல்வி அலுவலர். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு மாவட்டக் கல்வி அலுவலர். அதற்கும் மேலே செங்கல்பட்டில் முதன்மைக் கல்வி அலுவலர்.
* கல்வி உதவி எண் 14417. பிள்ளைகளை வேலைக்கு வைத்திருந்தாலோ, குழந்தைத் திருமண ஏற்பாடு நடந்தாலோ 1098.

சுருக்கமாக

பிள்ளை 5-ம் வகுப்பு முடிக்கிறதா? பள்ளி மாற்றும் முன், பிளஸ் 2 வரை அங்கேயே ஃபீஸ் கட்ட முடியுமா என்று வீட்டில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். முடியும் என்றால் அது உங்கள் விருப்பம். சந்தேகம் இருந்தால், 6-ம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் இருப்பதுதான் லாபம். ஜூனில் பள்ளி திறந்த பிறகு யோசிப்பதைவிட, இப்போதே பக்கத்துப் பள்ளியின் தலைமை ஆசிரியரைப் பார்த்துப் பேசிவிடலாம்.